மலைமேல் ஒரு ஷீல்டு: ஹைரேஞ்சுத் தமிழரும் கால்பந்தின் சொல்வழக்கும்

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள தேவாரத்திலிருந்து பார்த்தால் மேற்கே சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் மலைத்தொடரின் உச்சியில் தமிழகம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அந்த மலைக்கு மேல் உடும்பஞ்சோலை வட்டத்தில் ஏலத்தோட்டங்களும், அவற்றுக்கு வடக்கே மூணாற்றைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் பரவிக் கிடக்க, அந்த மேட்டுநிலம் முழுவதற்கும் ஆங்கிலேயர் இட்டுச் சென்ற ‘ஹைரேஞ்சு’ என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுவோர் 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையையும், ஏலக்காய் வணிகத்தையும், 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றுவிட்டதையும் விரிவாகப் பேசுவர். கால்பந்துக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. பள்ளத்தாக்கின் தரையில் அந்த ஆட்டம் ஆழமாக வேரூன்றாததால் அந்தப் புறக்கணிப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் இந்தப் பக்கத்துத் தமிழர் கால்பந்தோடு கொண்ட உறவு மலைமேல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது என்பதும், அந்த உறவைக் காத்ததில் ஆடியவரின் பங்குக்குக் குறையாத பங்கு, ஆண்டுக்கு ஓரிரு ஆட்டங்களை மட்டும் பார்த்து, விதிகளை முழுதும் அறியாமலே அதன் சொற்களையும் சடங்குகளையும் பழகிக்கொண்ட சாதாரணப் பார்வையாளருக்கும் உண்டு என்பதும் கவனிக்கத் தக்கவை.

பள்ளத்தாக்கில் ஏன் கால்பந்து வேர்விடவில்லை என்ற கேள்விக்கு, அங்கே ஏற்கெனவே சடுகுடுவும் மாட்டுப் பந்தயமும் இருந்தன என்று சொல்வது பாதி விடைதான். புதிய ஆட்டங்களை ஏற்காத மண் அல்ல இது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நாடெங்கிலுமிருந்து அணிகளை வரவழைத்து, அந்தச் சிற்றூரின் கோடைக்காலத்தையே அடையாளப்படுத்தும் நிகழ்ச்சியாகிவிட்டது. மீதி விடை வேலையின் அமைப்பில் இருக்கிறது. தேவாரம், போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு வழியே மலையேறி, காய் எடுத்து, பொழுது சாயும்போது வீடு திரும்புபவர்கள். அவர்களுக்குத் தோட்டம் வேலையிடமே அன்றி ஊர் அன்று. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரோ ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர், அதற்குள் ‘டிவிஷன்’ எனப்படும் பிரிவுகள், ஒரு கோயில், ஒரு திருவிழா, ஒரு கடை, வேலைக்குப் பின் கூடுவதற்கு ஒரு வெளி ஆகியவை அமைந்திருந்தன. ஓர் அணி உருவாவதற்கு வேண்டியது இத்தகைய ‘நாங்கள்’ என்ற உணர்வுதான்; பந்து பிறகு வந்தால் போதும்.

மூணாற்றுத் தோட்டங்களின் கதை 1877-இல் பூஞ்ஞாறு அரசகுடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் அங்கே கால்வைத்து, 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள், அதாவது முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி அவர்களை மேய்க்கும் பொறுப்பும் ஏற்ற இடைநிலைக்காரர்கள், அழைத்துச் சென்ற குடும்பங்கள் போடிநாயக்கனூர், குரங்கணி வழியாக மலையேறின. தேயிலை இறங்கியதும் அதே வழியில்தான்: 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கிப் பின்னர் குறுகிய இருப்புப்பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர, அங்கிருந்து கம்பிவட வழியில் அவை கொட்டகுடிக்கு இறங்கிப் போடியைச் சேர்ந்தன. கேரளத்தார் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று நினைவுகூரும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் மூணாறும் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே போக்குவரத்தின் இரு முனைகளாக இருந்தன. சரக்கோடும் ஆட்களோடும் சேர்ந்து பேச்சும் பழக்கமும் ஏறி இறங்கின.

இந்தத் தோட்டங்களுக்கிடையே 1941-இல் ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கப்பட்டது. ஃபின்லே பெயரால் அமைந்த அந்தப் பரிசை மக்கள் ஷீல்டு என்றும் கப்பு என்றும் மாற்றி மாற்றிச் சொல்வர். ‘ஷீல்டு’ என்பது வென்ற அணி ஓராண்டு வைத்திருந்து அடுத்த ஆண்டு திரும்ப ஒப்படைக்க வேண்டிய கேடய வடிவப் பரிசு; இத்தகைய சுழற்பரிசுக்காக ஆடும் முறை பிரிட்டிஷ் இந்தியாவில் படைப்பிரிவுகள் வழியே பரவியது. வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டியூராண்டு 1888-இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி அவற்றுள் மூத்தது. கல்கத்தாவில் 1893-இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. ஷீல்டை 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்திக் கைப்பற்றியபோது, அணியினரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர் என்பது நாடறிந்த செய்தி. தோட்டத்து அணிகளும் தொடக்கத்தில் வெறுங்காலோடே ஆடின. இதை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 எனத் தோற்ற இந்திய அணியிலேயே பலர் காலணியின்றி ஆடினர், 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற படுதோல்வி நேர்ந்த பிறகே இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது.

ஷீல்டு ஆட்டங்கள் பழைய மூணாற்று மைதானத்தில் நடந்தன. கன்னிமலை, குண்டுமலை, செண்டுவாரை, நயமக்காடு, பெரியவாரை, நல்லதண்ணி என்று தமிழ் ஒலிக்கும் பெயர்களையுடைய தோட்டங்களின் மக்கள், மற்ற நாட்களில் மலைமடிப்புகளால் பிரிந்து கிடந்தவர்கள், ஒரே இடத்தில் கூடுவதற்கு ஆட்டம் காரணமாயிற்று. நிறுவனத்தின் நோக்கம் பெருந்தன்மை மட்டுமே என்று கருத வேண்டியதில்லை. வேலையாட்களைத் தோட்டத்தோடு பிணைத்து வைக்கவும், ஓய்வு நேரத்தை நிர்வாகத்தின் கண்பார்வைக்குள் வைத்திருக்கவும் விளையாட்டு உதவும் என்பதை இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் முன்பே கண்டுகொண்டிருந்தனர். ஆனால் நோக்கம் எதுவாயினும், வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடமாக மட்டும் இருந்த தோட்டம் கைதட்டப்படும் பெயராக மாறியது மைதானத்தில்தான்.

தோட்டத் தமிழுக்கு ஆங்கிலச் சொல் புதிதன்று. காலையில் ஆட்களை அணிவகுக்கச் செய்து வேலை பிரித்துக்கொடுக்கும் நிகழ்ச்சி ‘பெரட்டு’ ஆயிற்று. அது ‘பரேட்’ என்ற படைச்சொல்லின் தோட்ட வடிவம். லயம், டிவிஷன், கண்டக்டர் ஆகியவையும் அவ்வாறே வந்தவை. இவையெல்லாம் கட்டளையாக மேலிருந்து இறங்கிய சொற்கள். கோல், பாஸ், ஃபவுல், கார்னர், பெனால்டி, ஆஃப்சைடு ஆகியவையும் அதே வெள்ளைக்காரத் துரைமாரிடமிருந்து வந்தவையே எனினும், அவற்றை உரக்கக் கூவுவதற்குத் தொழிலாளருக்கு உரிமை இருந்தது என்பதுதான் வேறுபாடு. பெரட்டில் வாய்மூடி நின்றவர், மைதான ஓரத்தில் நடுவரை நோக்கி ‘ஃபவுல்’ என்று கத்தலாம், தண்டனை இல்லை.

இச்சொற்களுள் எப்போதாவது ஆட்டம் பார்ப்பவருக்கு மிகுந்த இன்பமும் குறைந்த விளக்கமும் தருவது ‘ஆஃப்சைடு’. பந்து தன் அணியினரால் உதைக்கப்படும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி இலக்குக்கு அருகில் நிற்பவர் ஆட்டத்தில் தலையிட்டால் அது குற்றமாகும். கடைசி வீரர் பெரும்பாலும் கோல்கீப்பர்தான் என்பதால், பார்வையாளர் கணக்கில் கோல்கீப்பரை நீக்கி ஒரு தடுப்பாட்டக்காரராவது முன்னால் இருக்க வேண்டும் என்று கொண்டால் போதும். தன் ‘சைடை’, அதாவது தன் அணியைவிட்டு அப்பால் போய் நிற்பவர் என்பதே சொல்லின் அடிப்படை. இங்கிலாந்தின் பள்ளிகளில் ஆட்டம் உருவான காலத்தில் இது உத்திப்பிழையாக அன்றி ஒழுக்கக்கேடாகவே கருதப்பட்டது. ஈட்டன் பள்ளியில் இதற்குப் ‘பதுங்கிச் செல்லுதல்’ என்ற பொருளுடைய பெயரே வழங்கியது. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தொகுத்த முதல் விதிகளின்படி பந்துக்கு முன்னால் நின்ற எவரும் குற்றவாளியே. 1866-இல் எதிரணியினர் மூவர் முன்னால் இருந்தால் போதும் என்றாயிற்று. 1925-இல் மூவர் இருவராகக் குறைக்கப்பட்டதும் இங்கிலாந்தின் மைதானங்களில் கோல்கள் மளமளவென்று பெருகின. மூணாற்றில் போட்டி தொடங்கியபோது அந்த மாற்றத்துக்குப் பதினாறு வயதே ஆகியிருந்தது. விதி இப்படி வளைந்து வளைந்து வந்திருக்க, கோல் விழுந்தவுடன் தோற்கும் பக்கத்தார் அனைவரும் ஒரே குரலில் ‘ஆஃப்சைடு’ என்று கூவும் வழக்கம் மட்டும் நிலையாக நிற்கிறது. விதியறிந்தோர் இதை அறியாமை என்று நகைப்பது உண்டு; அந்த நகைப்பு தேவையற்றது. 1891 வரை கால்பந்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நடுவர் வீதம் இருவர் இருந்தனர்; வீரர் முறையிட்டால்தான் அவர்கள் தீர்ப்புச் சொல்வர், இருவரும் ஒத்துப்போகாதபோது மட்டும் எல்லைக்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் வழக்குப் போகும். அந்த மூன்றாமவரே பின்னர் விசிலோடு மைதானத்துக்குள் வந்த ரெஃப்ரி. கிரிக்கெட்டில் இன்றும் நீடிக்கும் முறையீட்டு உரிமையைக் கால்பந்து சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த உரிமையை ஓரத்தில் நிற்கும் கூட்டம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று கொள்ளலாம்.

பெனால்டியின் வரலாறு துரைமாரின் மனப்போக்கைக் காட்டுவதால் தனியே குறிப்பிடத்தக்கது. இலக்கை ஒட்டிய பகுதியில் வேண்டுமென்றே குற்றம் இழைத்துக் கோலைத் தடுப்பவருக்குத் தண்டனையாக, கோல்கீப்பரை மட்டும் எதிர்நிறுத்தி ஓர் உதை வழங்கலாம் என்று 1890-இல் முன்மொழிந்தவர் அயர்லாந்தின் ஆர்மா பகுதியைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம். அவர் தாமே ஒரு கோல்கீப்பர். 1891-இல் அது விதியானபோது, கனவான்கள் வேண்டுமென்று குற்றம் செய்வார்கள் என்று சட்டம் கருதுவதே இழிவு என உயர்குடி ஆட்டக்காரர்கள் கொதித்தனர். அமெச்சூர் அணியான கொரிந்தியன்ஸ், தமக்குப் பெனால்டி கிடைத்தால் வேண்டுமென்றே வெளியே உதைப்பதும், தமக்கு எதிராகக் கிடைத்தால் கோல்கீப்பரை விலகி நிற்கச் செய்வதும் கொள்கையாகக் கொண்டனர் எனக் கூறப்படுகிறது. தோட்டத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்த துரைமார் அந்த வகுப்பின் வாரிசுகள். அதைக் கற்றுக்கொண்ட தொழிலாளர்களிடமோ இத்தகைய நாணம் தங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கிடைத்த பெனால்டியைக் கோலாக்குவதே அங்கே கனவான் குணம்.

சொற்களே வேண்டாத வழக்கங்களும் பின்னர் வந்து சேர்ந்தன. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து-அர்ஜென்டினா ஆட்டத்தில், ஸ்பானிய மொழி அறியாத ஜெர்மானிய நடுவர் அர்ஜென்டினத் தலைவர் ராட்டினை வெளியேற்ற, அவர் புரியவில்லை என்று நெடுநேரம் மைதானத்தை விட்டு நகராமல் நின்றார். அந்தக் குழப்பத்தைச் சிந்தித்தபடி வண்டி ஓட்டிச் சென்ற நடுவர் குழு அதிகாரி கென் ஆஸ்டனுக்குச் சாலை விளக்குகளைக் கண்டு தோன்றிய யோசனையே மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். அவை 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. சமனில் முடியும் ஆட்டத்துக்கு முடிவு காணும் ‘டைபிரேக்கர்’, அதாவது இரு அணியும் மாறிமாறிப் பெனால்டி உதைக்கும் முறை, அதே 1970-இல்தான் விதியாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை இத்தாலி வென்றது நாணயம் சுண்டித்தான். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே மைதானத்தில் புழங்கும் மூணாறு போன்ற ஊரில் அட்டைகளின் பயனை விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஆட்டத்துக்குத் தமிழர் வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு சொற்களை ஆக்கிக்கொண்டனர். தமிழகத்தில் எழுத்தில் கால்பந்து, பேச்சில் ஃபுட்பால், சிங்கப்பூர், மலேசிய இதழ்களில் ‘காற்பந்து’, இலங்கையில் ‘உதைபந்தாட்டம்’. சொல்லாக்கத்தில் இலங்கைத் தமிழரின் துணிவு தனி: பெனால்டி அங்கே தண்ட உதை, டைபிரேக்கர் சமநிலை தவிர்ப்பு உதை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் கால்பந்து தமிழரிடையே ஊன்றியது. நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் மலேசிய அணியின் மாபெரும் பெயர்களுள் ஒன்று. தமிழகத்துக்குள்ளும் இந்த ஆட்டம் தேர்ந்தெடுத்த இடங்கள் ஒரு பாங்குடையவை: படைமுகாமான வெலிங்டன், கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் கடற்கரை ஊர்கள், ‘மினி பிரேசில்’ எனப் பெயரெடுத்த வட சென்னையின் வியாசர்பாடி. வெலிங்டனின் மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955-லும் 1958-லும் டியூராண்டு கோப்பையை வென்றபோது அதன் இலக்கைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தென்காசியில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அடித்த கோலே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல். 1973-இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. மாநில எல்லையைக் கால்பந்து எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதற்கு இது போதிய சான்று.

கேரளத்தின் கால்பந்துச் சூழலும் ஹைரேஞ்சுத் தமிழரின் காதில் விழாமல் இல்லை. மலபாரில் ஏழு பேர் கொண்ட அணிகள் சிறு மைதானத்தில் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டமும், இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளுக்கு ஷைஜு தாமோதரன் அளித்த உணர்ச்சிப் பெருக்கான மலையாள வருணனையும், 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூர் ஆற்றில் எழுப்பப்பட்ட மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ கட்-அவுட்டுகளும் ஆட்டத்தைப் பார்ப்பதையே ஒரு கலையாக்கின. நடிகருக்குக் கட்-அவுட் வைத்துப் பழகிய தமிழருக்கு அந்த ஆற்றுக் காட்சி வியப்பைவிட உறவுணர்வையே தந்திருக்கும். சென்னையின் எஃப்.சி.யும் கேரள பிளாஸ்டர்சும் மோதுவதைத் ‘தென்னிந்திய டெர்பி’ என்கின்றனர். ‘டெர்பி’ என்பது அண்டை அணிகளின் தீராப் போட்டியைக் குறிக்கும் சொல். மாநில எல்லையில் வாழ்பவருக்கு அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பது எளிதாக முடிவாகும் கேள்வியன்று.

தீவிர ரசிகர் அணியின் வரலாற்றையும் வீரரின் புள்ளிவிவரத்தையும் காப்பவர். சாதாரண ரசிகர் காப்பது வேறு. ஆட்டம் தொடங்குமுன் நாணயம் சுண்டுவது, இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவது, வென்றவர் பரிசைத் தலைக்குமேல் தூக்குவது, தோற்றவர் கைகுலுக்குவது ஆகியவற்றை அவர் ஒரு கோயில் விழாவின் நிகழ்முறையைப் போலக் கவனிக்கிறார். விதியின் நுட்பம் தெரியாமலே எந்தக் கணத்தில் எந்தச் சொல்லைக் கூவ வேண்டும் என்பதை அறிந்திருக்கிறார். இவரை அரைகுறை அறிவுடையவர் என்று தள்ளிவிட்டால், மூணாற்று மைதானத்தின் ஓரத்தில் எண்பது ஆண்டுகளாக நின்ற கூட்டத்தையே வரலாற்றிலிருந்து தள்ளிவிட வேண்டியிருக்கும். களத்தில் இருபத்திரண்டு பேர்தான். வழக்கத்தைச் சுமந்தது வெளியே நின்ற ஆயிரங்கள்.

ஃபின்லே நிறுவனம் 1964-இல் டாட்டாவோடு கைகோத்து, பின்னர் முற்றிலும் விலகியது. 1983-இல் தோட்டங்கள் டாட்டா டீ என்ற பெயர் பெற்றன. 2005 முதல் தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் நிறுவனம் அவற்றை நடத்துகிறது. உரிமையாளர் பெயர் இத்தனை முறை மாறியும் பரிசின் பெயர் ஃபின்லேயாகவே தொடர்கிறது. வென்ற தோட்டங்களின் பெயரை ஒரு கேடயத்தில் பொறித்து வைக்கலாம். ஆனால் கூட்டம் எதிரணியைச் சீண்டச் சொன்னதையும், ஆட்டக்காரருக்கு இட்ட பட்டப்பெயர்களையும், வெற்றிநாளில் லயத்தில் நடந்த கொண்டாட்டத்தின் ஒழுங்கையும் அவ்வாறு பொறிக்க இயலாது. பணி ஓய்வோடு லயத்து வீட்டையும் காலிசெய்ய வேண்டியவர்கள் என்பதால், அவற்றை அறிந்தவர்களுள் பலர் மலையிறங்கிச் சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். போடி, தேவாரம், உத்தமபாளையம் பகுதிகளும் அவ்வாறு திரும்பியோர் வாழும் இடங்கள். தேனி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் நாட்டார் வழக்காறு திரட்டும் பணியில் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேர்ப்பதோடு நில்லாமல், இந்த மைதானத்து வழக்குகளையும் அந்த முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்; அதற்குரிய காலம் நீண்டதன்று.